வாரண்டி முடிந்த லேப்டாப்: முதலில் அந்த மார்ச் மாத ஜாப் ஷீட்டைத் தேடுங்கள்

வாசகி கேட்டது:

ஐயா, கும்பகோணத்தில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் தஞ்சாவூரில் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். 2024 ஜூன் மாதம் 58,990 ரூபாய்க்கு அவளுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். பதினெட்டு மாதத் தவணை. இன்னும் மூன்று தவணை பாக்கி இருக்கிறது. நடுவில் 2025 மார்ச் மாதம் சார்ஜ் நின்று நின்று ஏறுகிறது என்று கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம், ஏதோ அப்டேட் போட்டுக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் காலையில் லேப்டாப் ஆன் ஆகவே இல்லை. சார்ஜர் பின்னைச் செருகினால் சார்ஜரில் எரிகிற விளக்கும் அணைந்துவிடுகிறது. அதே சென்டரில் காட்டினோம். "மதர்போர்டு போயிடுச்சும்மா, வாரண்டி ஜூன்லயே முடிஞ்சிருச்சு, 34,200 ஆகும், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார்கள். பக்கத்துக் கடைக்காரர் 4,000 ரூபாய்க்குச் சரிசெய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? வாரண்டி முடிந்த பொருளுக்குக் கம்பெனியிடம் கேட்க நமக்கு உரிமை உண்டா? மகளின் ப்ராஜெக்ட் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயம் ஒன்று இருக்கிறது. மார்ச் மாதம் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனது. நீங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. எனக்கோ உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். மார்ச் மாதம் வாரண்டி உயிரோடு இருந்தது. அப்போதே சார்ஜிங்கில் கோளாறு என்று நீங்கள் அவர்களிடம் சொல்லிவிட்டீர்கள். இப்போது செத்துப்போயிருப்பதும் அதே சார்ஜிங் பகுதியாக இருந்தால், "வாரண்டி முடிந்தபிறகு வந்த பழுது" என்று அவர்கள் கைகழுவ முடியாது. வாரண்டி இருந்தபோது சொல்லியும் சரிசெய்யாமல் விட்ட பழுது அது.

ஆகவே முதல் வேலை, அந்த மார்ச் மாதத்து ஜாப் ஷீட்டைத் தேடி எடுப்பது. பொருளை ஒப்படைக்கும்போது பெயர், சீரியல் எண், என்ன புகார் என்றெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறீர்களா, தையல் கடை டிராயரில் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். மகளின் போனில் மார்ச் மாதத்துக் குறுஞ்செய்திகளையும் மின்னஞ்சலையும் தேடச் சொல்லுங்கள். "உங்கள் புகார் பதிவாகியுள்ளது" என்று ஓர் எண்ணோடு செய்தி வந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து, சீரியல் எண்ணைச் சொல்லி, இந்த லேப்டாப்புக்கு இதுவரை நடந்த சர்வீஸ் விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு புகாரையும் சீரியல் எண்ணின் பெயரில்தான் பதிவு செய்து வைப்பார்கள்.

அந்தத் தாளில் இரண்டு இடங்களைப் பாருங்கள். புகார் என்ற இடத்தில் "சார்ஜிங் பிரச்சினை" என்று ஏதாவது எழுதியிருக்க வேண்டும். அடுத்தது, பொருளை வாங்கும்போது அதன் நிலையைக் குறிக்கிற கட்டம். கீறல், உடைசல், தண்ணீர் பட்ட அடையாளம் இருந்தால் அங்கே எழுதிவிடுவார்கள், பின்னால் நாம் அவர்கள்மேல் பழி போடக்கூடாது என்பதற்காக. அந்தக் கட்டம் காலியாக இருந்தாலோ, நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதியிருந்தாலோ அது இப்போது உங்களுக்குத் துணை. நாளைக்கு "பின் போகிற இடத்தை நீங்களே ஆட்டி உடைத்துவிட்டீர்கள், அதற்கு வாரண்டியே கிடையாது" என்று கம்பெனி சொல்லக்கூடும். சார்ஜிங் புகார்களில் வழக்கமாக வருகிற பதில் இது. மார்ச் மாதம் வரை உடைசல் எதுவும் இல்லை, ஆனாலும் சார்ஜ் சரியாக ஏறவில்லை என்பதை அவர்கள் கையாலேயே எழுதிய தாள் சொல்லிவிடும்.

சரி, லேப்டாப்புக்கு என்ன ஆகியிருக்கும்? இருபது வருடத்துக்கு மேலாக போர்டு, அதாவது லேப்டாப்பின் பாகங்கள் எல்லாம் இணைகிற மதர்போர்டு, பழுது பார்க்கிறவன் என்ற முறையில் ஓரளவு சொல்ல முடியும், கையில் வைத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. பின்னைச் செருகியதும் சார்ஜரின் விளக்கு அணைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கவனிப்பு. மின்சாரம் போர்டுக்குள் நுழைந்த உடனேயே எங்கோ ஷார்ட் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஷார்ட் இருந்தால் சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளியே கொடுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிடும், அதனால்தான் விளக்கு அணைகிறது. பெரும்பாலும் சார்ஜர் லைனில் ஸ்விட்ச் போல வேலை செய்கிற மாஸ்ஃபெட் என்ற சிறு பாகம் ஒன்றோ, அரிசிக் குருணை அளவே இருக்கிற கெப்பாசிட்டர் ஒன்றோ உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கும். மார்ச் மாதம் சார்ஜ் நின்று நின்று ஏறியது பின் போகிற ஜாக் தளர்ந்திருந்ததாலோ, சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்துகிற சிப்பான சார்ஜிங் ஐசி சரியாக வேலை செய்யாததாலோ இருக்கலாம். தளர்ந்த ஜாக்கில் ஒவ்வொரு முறையும் சின்னச் சின்னதாகத் தீப்பொறி பறந்து கடைசியில் அடுத்த பாகத்தையும் கெடுப்பது நான் அடிக்கடி பார்க்கிற ஒன்று.

ஜாக் தளர்ந்திருந்தால் அதை எந்த அப்டேட்டாலும் இறுக்க முடியாது. மார்ச் மாதம் அவர்கள் ஜாக்கையும் சார்ஜிங் பகுதியையும் திறந்து பார்த்தார்களா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

"மதர்போர்டு போயிடுச்சு" என்று சொன்னதை இந்தப் பின்னணியில் பாருங்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கம்பெனி சென்டர்களில் பொதுவாக போர்டில் உள்ள சிறு பாகங்களைக் கழற்றி மாற்ற மாட்டார்கள். போர்டில் எங்கே கோளாறு இருந்தாலும் முழு போர்டையும் மாற்றுவதுதான் அவர்களுக்கு விதிக்கப்பட்ட முறை. அதனால் ஐந்து ரூபாய் கெப்பாசிட்டர் போனாலும் லேப்டாப்பின் மூளையான பிராசசரே எரிந்துபோனாலும் அவர்கள் வாயிலிருந்து வருகிற வார்த்தை ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். உங்களிடம் சொன்ன 34,200 ஒரு புது போர்டின் விலை. உங்கள் லேப்டாப்பில் என்ன பழுது என்பதற்கான பதில் இன்னும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. போர்டின் சிறு பாகங்களைப் பார்த்து மாற்றுகிற வேலையை எங்கள் தொழிலில் சிப் லெவல் சர்வீஸ் என்போம். இந்த வகை ஷார்ட் என் பட்டறைக்கு வந்தால் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள் முடிகிறது. பக்கத்துக் கடைக்காரர் சொல்கிற 4,000 நியாயமான தொகைதான்.

ஆனாலும் இப்போது அவரிடம் கொடுக்காதீர்கள். சில வாரம் பொறுங்கள்.

காரணம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு செவிலியர் லேப்டாப் கொண்டுவந்தார். உங்கள் கதையைப் போலத்தான், வாரண்டி இருந்தபோதே புகார் கொடுத்து, சரியாகாமல், வாரண்டி முடிந்து ஒரு மாதத்தில் நின்றுபோனது. அவசரத்தில் ஏதோ ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் திறந்து, ஹாட் ஏர் வைத்துச் சுட்டு, நாலைந்து இடத்தில் ஈயம் வழிய விட்டு, முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு கம்பெனிக்கு எழுதினார். வெளியாள் திறந்த பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. என்னிடம் வந்தபோது அந்த போர்டில் முதலில் எது பழுதானது, பிறகு எது கெடுக்கப்பட்டது என்று பிரித்துச் சொல்ல எனக்கே வழி இல்லை. அவரிடம் இருந்த நல்ல வழக்கு அந்த ஈயத்தோடு போய்விட்டது. அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றது இன்னும் என் மனதில் இருக்கிறது. உங்கள் லேப்டாப் இதுவரை வெளியாள் கை படாமல் இருப்பது பெரிய பலம். கம்பெனியிடம் கேட்டு ஒரு முடிவு தெரியும்வரை அப்படியே இருக்கட்டும்.

மகளின் ப்ராஜெக்ட் காத்திருக்காது என்பது தெரியும். அதற்கு வழி இருக்கிறது, பயப்பட வேண்டாம். ஆன் ஆகாத லேப்டாப்பில் உள்ள ஃபைல்கள் அழிந்துபோய்விடுவதில்லை. அவை போர்டில் இல்லை, எஸ்எஸ்டி என்ற தனிப் பாகத்தில் இருக்கின்றன. நீங்கள் வாங்கின விலையில் உள்ள விண்டோஸ் லேப்டாப்களில் அநேகமாக அது சூயிங்கம் பட்டை அளவில் ஒரே ஒரு திருகாணியில் மாட்டப்பட்டிருக்கும். கழற்றி, அதற்கென விற்கிற ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு, கல்லூரி நண்பர்களின் கணினியில் செருகினால் ஃபைல்களை எடுத்துவிடலாம். அந்தக் கேஸ் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

கழற்றுவதை கம்பெனி சென்டரிலேயே, உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். "எஸ்எஸ்டி கழற்றி வாடிக்கையாளரிடம் கொடுக்கப்பட்டது" என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். சின்னக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடலாம், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பொருளை ஒப்படைக்கும்போது நாம் கையெழுத்துப் போடுகிற படிவத்தில், உள்ளே உள்ள தகவல்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். போர்டை மாற்றும்போது எஸ்எஸ்டியை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டால் கேட்க முடியாது. அப்புறம், பெண் பிள்ளையின் புகைப்படங்களும் சொந்த விஷயங்களும் அதில் இருக்கும். எந்தக் கடைக்குப் போனாலும் எஸ்எஸ்டி உங்கள் வீட்டில் இருக்கட்டும். பாஸ்வேர்டை எழுதி ஒட்டிக் கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஷார்ட்டைச் சரிசெய்ய எந்தக் கடைக்காரருக்கும் பாஸ்வேர்டு தேவையில்லை.

இதோடு தொடர்புடைய இன்னொன்றைப் பலர் கவனிக்காமல் விட்டுப் பிறகு அழுதிருக்கிறார்கள். இப்போது வருகிற விண்டோஸ் 11 லேப்டாப்களில் பல, நாம் கேட்காமலேயே எஸ்எஸ்டியைப் பூட்டி வைத்திருக்கும். பிட்லாக்கர் என்று சொல்வார்கள். அந்தப் பூட்டின் சாவி பழைய மதர்போர்டோடு இணைந்தது. போர்டை மாற்றினாலோ எஸ்எஸ்டியை வேறு கணினியில் போட்டாலோ, 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அது இல்லாவிட்டால் யாராலும் திறக்க முடியாது, என்னாலும் முடியாது. மகள் லேப்டாப்பில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டிருந்தாளோ அதே கணக்கில் போனிலிருந்து உள்ளே போய், சாதனங்கள் என்ற பகுதியில் இந்த லேப்டாப்புக்கு பிட்லாக்கர் மீட்பு எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ஒரு தாளில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். கல்லூரிக் கணக்கைப் போட்டிருந்தால் எண் அந்தக் கணக்கில் இருக்கலாம். கல்லூரியின் கணினிப் பிரிவில் கேட்க வேண்டும்.

இனி கம்பெனியிடம் கேட்பது. சென்டரின் முன்மேசையில் இருக்கிற பையனிடமோ பெண்ணிடமோ சண்டை போடுவதில் பயன் இல்லை. வாரண்டிக்கு வெளியே எதையும் இலவசமாகச் செய்கிற அதிகாரம் அவர்களிடம் கிடையாது. முதலில் அவர்களிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். எந்தப் பகுதியில் என்ன பழுது, பாகத்தின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு, ஜிஎஸ்டி எவ்வளவு, மாற்றிய பாகத்துக்கு எத்தனை நாள் வாரண்டி என்று தனித்தனியாக. "34,200 ஆகும்" என்று வாயால் சொன்னது எங்கும் செல்லாது. அதன்பிறகு கம்பெனியின் தலைமை வாடிக்கையாளர் சேவைக்கு, அவர்கள் இணையதளத்தில் கொடுத்திருக்கும் குறைதீர் அதிகாரியின் முகவரிக்கு, பில், மார்ச் மாதத்து ஜாப் ஷீட், இப்போதைய எஸ்டிமேட் மூன்றையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி ரசீதை வையுங்கள். லேப்டாப் விற்ற கடைக்கும் ஒரு பிரதி போகட்டும். கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். இந்த அளவு போதும்:

"2024 ஜூன் மாதம் உங்கள் லேப்டாப்பை வாங்கினோம். வாரண்டி நடப்பில் இருந்த 2025 மார்ச் மாதம், சார்ஜ் நின்று நின்று ஏறுகிறது என்ற புகாரோடு உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்தோம். பாகம் எதையும் மாற்றாமல் அப்டேட் மட்டும் செய்து திருப்பித் தந்தார்கள். ஆகஸ்ட் மாதம் லேப்டாப் முழுவதும் செயலிழந்தது. வாரண்டிக் காலத்தில் நாங்கள் தெரிவித்த பழுது சரிசெய்யப்படாததால் நேர்ந்தது இது. எனவே போர்டைக் கட்டணம் இல்லாமல் மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை."

சீரியல் எண், பில் எண், ஜாப் ஷீட் எண் மூன்றையும் மேலே எழுதிவிடுங்கள். திட்டுவதோ அழுவதோ கடிதத்தில் வேண்டாம். நீங்கள் பட்ட கஷ்டம் உண்மை. அதைவிடத் தேதிகள்தான் அவர்களைப் பதில் சொல்ல வைக்கும்.

கடிதம் எழுதுவதற்குமுன், கம்பெனியின் ஆதரவுப் பக்கத்தில் சீரியல் எண்ணைப் போட்டு இரண்டு விஷயம் பாருங்கள். வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியதாக அங்கே இருக்கிறது என்பது ஒன்று. சில சமயம் நாம் வாங்கிய தேதிக்குப் பதில், கம்பெனி கடைக்கு அனுப்பிய தேதியிலிருந்து எண்ணியிருப்பார்கள். பில்லைக் காட்டினால் திருத்துவார்கள். உங்களுக்கு எப்படியும் ஜூன் தாண்டிவிட்டது, ஆனால் வாரண்டி முடிந்து சில வாரமே ஆன வேறு வாசகர்களை இது காப்பாற்றும். இன்னொன்று, உங்கள் மாடலுக்கு ஏதாவது விசேஷப் பழுதுநீக்கத் திட்டமோ திரும்பப் பெறும் அறிவிப்போ இருக்கிறதா என்பது. ஒரே பழுது பலருக்கும் வந்தால் கம்பெனிகள் வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகச் செய்து கொடுத்ததுண்டு. 2008-இல் என்விடியாவின் சில கிராஃபிக்ஸ் சிப்களில் கோளாறு என்று தெரிந்தபோது, டெல், எச்பி இரண்டும் அந்தச் சிப் இருந்த பல லேப்டாப்களுக்கு வாரண்டியை நீட்டித்தன. ஆப்பிள் 2018 ஜூன் மாதம் தன் மேக்புக் கீபோர்டுகளுக்கு, முதலில் விற்ற நாளிலிருந்து 4 ஆண்டு வரை இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. 2019-இல், 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை பெரும்பாலும் விற்ற 15 அங்குல மேக்புக் ப்ரோக்களின் பேட்டரியை மாற்றிக் கொடுத்தது. அப்படி ஒரு திட்டம் இருந்தாலும் சென்டரில் தானாகச் சொல்வார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்.

பதினைந்து நாளில் பதில் இல்லை, அல்லது முடியாது என்று பதில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து 1915 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை நடத்துகிற தேசிய நுகர்வோர் உதவி மையம் அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பெரிய கம்பெனிகள் பல அந்த மையத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கின்றன, நம் புகார் கம்பெனியின் மேல்மட்டத்துக்கே போய்விடும். உத்தரவு போடுகிற அதிகாரம் அந்த மையத்துக்குக் கிடையாது. ஆனாலும் சென்டர் முன்மேசையில் நாலு தடவை நின்றாலும் நகராத விஷயம் இந்த வழியில் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். பாதி விலையில் போர்டு தருகிறோம் என்று இந்தக் கட்டத்தில் கம்பெனி இறங்கி வரலாம். ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால், மார்ச் மாதத்துத் தாள் கையில் இருக்கும்போது பாதிக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பேன். தாள் கிடைக்காமல் போய்விட்டால் யோசிக்கலாம்.

அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. என் வாடிக்கையாளர்களுக்காக போர்டைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுத்த வகையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கம்பெனியின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும் குர்கானில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே பேசலாம். இணையவழியிலும் பதியலாம், 2025 தொடக்கத்திலிருந்து இ-ஜாக்ரிதி என்ற தளம் இருக்கிறது. தயாரித்த கம்பெனி, விற்ற கடை, சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். பொருளில் குறைபாடு என்பது ஒன்று, மார்ச் மாதம் பழுதைச் சரியாகப் பார்க்காமல் விட்டது சேவைக் குறைபாடு என்பது தனியாக இன்னொன்று. இரண்டையும் எழுதுங்கள். பொருளைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி ஆணையம் உத்தரவிடலாம். வெளியாள் கையில் கொடுக்காதீர்கள் என்று மேலே நான் வற்புறுத்தியது இதற்காகத்தான்.

காலக்கெடு இரண்டு ஆண்டு. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் வாதம் வரலாம் என்பதால் மார்ச் மாதத்திலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். 2027 மார்ச் வரை போகவிடாமல் முன்பே பதிந்துவிடுங்கள். சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுகிறதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா விழுந்து அதைவிட அதிகமாகத்தான் இழுக்கும். கடையைப் பூட்டிவிட்டுத் தஞ்சாவூர் போய்வர ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஒருநாள் கூலி போகும் என்பதையும் நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள். போக வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் அதில் தவறேதும் இல்லை.

அப்படி முடிவு செய்தால், அல்லது 1915-க்குப் பிறகும் ஒன்றும் நடக்காவிட்டால், அப்போது சிப் லெவல் கடைக்குப் போகலாம். பக்கத்துக் கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். ஆனால் எல்லாக் கடையும் போர்டு வேலை செய்வதில்லை. பலர் வாங்கி வைத்து, சென்னை ரிச்சி தெருவுக்கோ திருச்சிக்கோ அனுப்பிச் செய்து வாங்குகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் யார் கையில் போகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். "இங்கேயே செய்கிறீர்களா, மைக்ராஸ்கோப் இருக்கிறதா" என்று கேளுங்கள். அது இல்லாமல் இந்தக் காலத்து போர்டில் கை வைக்க முடியாது. சரியாகாவிட்டால் பார்த்த கூலி எவ்வளவு, சரியானால் எத்தனை நாள் பொறுப்பேற்பீர்கள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு மாதமாவது பொறுப்பேற்காத வேலையை வாங்க வேண்டாம். கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். "சூடு காட்டினால் சரியாகிவிடும்" என்று சொல்கிறவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது சில நாள் ஓடும், பிறகு முன்னைவிட மோசமாக நிற்கும்.

பார்த்த பிறகு பிராசசரே போய்விட்டது என்று தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். இந்த வகை லேப்டாப்பில் அது போர்டோடு ஒட்டியே வருகிறது. மாற்றுகிற செலவில் அலுவலகங்களிலிருந்து வருகிற நல்ல பழைய லேப்டாப் ஒன்றைக் கடை வாரண்டியோடு வாங்கிவிடலாம். நின்றுபோன உங்கள் லேப்டாப்பின் டிஸ்ப்ளேயும் ரேமும் நன்றாக இருக்கும்; கடைக்காரரே விலை கொடுத்து எடுத்துக்கொள்வார். எஸ்எஸ்டியை மட்டும் கொடுக்காதீர்கள்.

தவணை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பொருள் நின்றுபோய்விட்டது என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தவர் வேறு, கம்பெனி வேறு. நிறுத்தினால் அபராதமும் வட்டியும் ஏறுவதோடு உங்கள் பெயரில் கடன் பதிவும் கெடும். மூன்று தவணையையும் கட்டிவிடுங்கள்.

ஜாப் ஷீட் கிடைத்ததும் நான் சொன்ன இரண்டு இடங்களிலும் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்துக் கடிதத்தில் ஏதாவது திருத்த வேண்டுமா என்று சொல்கிறேன். அதுவரை, ஒருவேளை இன்றைக்கு ஆன் ஆகுமோ என்று மகள் சார்ஜரைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அந்த ஷார்ட் வழியாக மின்சாரம் பாய்ந்து, நல்ல நிலையில் இருக்கிற அடுத்த பாகத்தையும் கெடுக்கலாம். டச்பேட் மேலே புடைத்துக்கொண்டு வந்திருக்கிறதா, மூடி சமமாக உட்காருகிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். புடைத்திருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தவோ குத்தவோ கூடாது. மெத்தையிலும் துணிக் கட்டுக்குப் பக்கத்திலும் வைக்காமல், தரையில் தனியாக வைத்துவிட்டு மறுநாளே சென்டருக்கு எடுத்துப் போய் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். உங்கள் வீடும் கடையும் ஒரே இடத்தில் இருந்தால் இதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள், கடை முழுக்கத் துணி.